சின்னம்மையும் மற்ற வைரஸ் நோய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டாச்சு, இனிமே வராது" என்று வீட்டில் சொன்னதை 36 வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். 6 வயது மகளுக்குச் சின்னம்மை வந்தபோது தைரியமாகப் பக்கத்திலேயே படுத்துப் பார்த்துக்கொண்டேன். சரியாக 15ஆம் நாள் எனக்கும் வந்தது. சின்ன வயதில் எனக்கு வந்தது தட்டம்மை என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. "அம்மை" என்று சொன்னார்களே தவிர, எந்த அம்மை என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்க வைப்பதற்காகத்தான் இந்தப் பக்கம்.

சின்னம்மை, பெரியம்மை, தட்டம்மை, குரங்கம்மை எல்லாம் ஒரே வகை நோய்தானே?

இல்லை. பெயரில்தான் சொந்தம். சின்னம்மையை உண்டாக்குவது வாரிசெல்லா சோஸ்டர் என்ற வைரஸ். இது ஹெர்பெஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, அதாவது உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வரவைக்கும் வைரஸுக்கு உறவு. பெரியம்மையும் குரங்கம்மையும் பாக்ஸ் வைரஸ் குடும்பம். இந்த இரண்டும் மட்டும் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம். தட்டம்மை வைரஸ் இவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு குடும்பம். பொன்னுக்குவீங்கி வைரஸ் இருப்பதும் அதே குடும்பத்தில்தான்.

இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றலாம். நிறைய ஆகும். ஒன்று வந்து போனால் இன்னொன்றுக்கு எதிர்ப்பு சக்தி வராது. ஒன்றுக்குப் போட்ட தடுப்பூசி மற்றதைத் தடுக்காது (பெரியம்மைக்கும் குரங்கம்மைக்கும் மட்டும் விதிவிலக்கு உண்டு, கீழே சொல்கிறேன்). ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதற்கு வேலை செய்யாமல் போகலாம்.

கொப்புளத்தைப் பார்த்தே சின்னம்மை என்று சொல்லிவிட முடியுமா?

பெரும்பாலும் முடியும். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

மகளுக்குக் காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் மாலை, மருத்துவர் சட்டையை உயர்த்தி வயிற்றில் டார்ச் வெளிச்சம் அடித்தார். ஒரு உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் காட்டி, "இதுக்குள்ள எத்தனை விதம் இருக்குன்னு பாருங்க" என்றார். கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்று, அன்று காலைதான் கிளம்பியிருக்கும். பக்கத்தில் லேசாகத் தடித்த பரு. அதற்குக் கீழே நீர் கோத்த கொப்புளம், தோல் அவ்வளவு மெலிசு, சிவந்த வட்டத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்பது போல. விரல் பட்டால் உடைந்துவிடும் என்று தோன்றியது. விலாப் பக்கம் நடுவில் குழி விழுந்து மங்கிப்போன ஒன்று, அதற்கு மேலே பொருக்கு தட்டிய ஒன்று. பச்சிளம் புள்ளி முதல் காய்ந்த பொருக்கு வரை எல்லா வயதும் ஒரே இடத்தில்.

சின்னம்மையின் முக்கியமான அடையாளம் இதுதான். கொப்புளங்கள் ஒரே தடவையில் கிளம்பாமல், 4, 5 நாளைக்கு அலை அலையாகக் கிளம்பும். ஒவ்வொன்றும் புள்ளியாகி, நீர் கோத்து, காய்வதற்கு ஓரிரு நாள்தான் எடுக்கும். அதனால் பழசும் புதுசும் கலந்தே இருக்கும். வயிறு, மார்பு, முதுகு, முகம் ஆகிய இடங்களில் அதிகம், கை கால்களில் குறைவு. தலைமுடிக்குள்ளும் வாய்க்குள்ளும்கூட வரும். தடுப்பூசி போடாத ஒருவருக்குப் பொதுவாக 250 முதல் 500 கொப்புளங்கள் வரை வரலாம். அரிப்பு தாங்காது.

பூச்சிக்கடியும் சொறி சிரங்கும் சில நேரம் இதேபோல ஏமாற்றும். சந்தேகம் தீராவிட்டால் கொப்புளத்து நீரையோ பொருக்கையோ எடுத்து பிசிஆர் சோதனை செய்தால் உறுதியாகத் தெரிந்துவிடும்.

பெரியம்மைக்கும் சின்னம்மைக்கும் என்ன வித்தியாசம்?

பெயரில் இருக்கும் "சின்ன", "பெரிய" என்பதை விட வித்தியாசம் மிகப் பெரியது. பெரியம்மையின் கடுமையான வகை வந்தவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முகமெல்லாம் குழி, சிலருக்குக் கண் போனது.

கொப்புளத்திலும் வித்தியாசம் உண்டு. பெரியம்மையில் முகத்திலும் கை கால்களிலும்தான் அதிகம். உள்ளங்கை, உள்ளங்கால் வரை வரும். ஓரிடத்தில் உள்ள கொப்புளங்கள் எல்லாம் ஒரே வயதில் இருக்கும், ஒன்றாக நீர் கோத்து, ஒன்றாகச் சீழ் பிடித்து, ஒன்றாகக் காயும். தோலின் ஆழத்திலிருந்து கிளம்புவதால் தொட்டால் மணி போலக் கெட்டியாக இருக்கும். கொப்புளம் வருவதற்கு 2, 3 நாள் முன்பே கடும் காய்ச்சல் ஆளைச் சாய்த்துவிடும்.

இவை இரண்டும் வேறு வேறு நோய்கள் என்று 1767இல் வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் தெளிவாக எழுதினார். அதற்கு முன் சின்னம்மையை லேசான பெரியம்மை என்றே பலரும் நினைத்தார்கள். சின்னம்மை வந்து போனதைப் பெரியம்மை வந்துவிட்டதாக எண்ணி, இனி பயமில்லை என்று இருந்துவிடும் ஆபத்தையும் அவர் எடுத்துச் சொன்னார். எனக்கு 36 வயதில் நடந்ததும் அதே வகைக் குழப்பம்தான். நான் தப்பித்தேன். அந்தக் காலத்தில் அந்தத் தவறுக்கு உயிரே விலை.

பெரியம்மை இப்போது எங்கேயும் இல்லை. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் இருந்தார். 1980 மே மாதம் உலக சுகாதார அமைப்பு அந்த நோய் ஒழிந்துவிட்டதாக அறிவித்தது.

குரங்கம்மை?

2022இலும் 2024இலும் உலக சுகாதார அமைப்பு இதைச் சர்வதேச அவசரநிலையாக அறிவித்ததால், கொப்புளம் ஒன்றைப் பார்த்தாலே இதுவாக இருக்குமோ என்று பயப்படுகிறவர்கள் கூடிவிட்டார்கள். இப்போது மருத்துவ உலகம் எம்பாக்ஸ் என்று சொல்கிறது.

பெரியம்மையின் சொந்தம் என்பதால் கொப்புளமும் அந்த ஜாடைதான்: கெட்டியாக, ஆழமாக, நடுவில் குழியோடு, ஓரிடத்தில் உள்ளவை பெரும்பாலும் ஒரே கட்டத்தில். உள்ளங்கையிலும் வரும். பிறப்புறுப்பைச் சுற்றி மட்டும் சில கொப்புளங்களோடு நின்றுவிடுவதும் உண்டு. சின்னம்மையிலிருந்து பிரித்துக்காட்டும் நல்ல தடயம் நெறி கட்டுவது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு இவற்றில் நெறி கட்டி வலித்தால் எம்பாக்ஸ் பக்கம் சந்தேகம் போக வேண்டும். பரவுவது பெரும்பாலும் நெருக்கமான உடல் தொடர்பால். சின்னம்மை போல அறைக்குள் காற்றில் மிதந்து வந்து எளிதாக ஒட்டுவதில்லை.

தட்டம்மையை எப்படி வேறுபடுத்துவது? எது ஆபத்து?

ஆபத்து தட்டம்மைதான், சந்தேகமே வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தட்டம்மையில் நீர் கோத்த கொப்புளம் வராது. தட்டையான சிவப்புத் தடிப்புதான். பார்வைக்குச் சின்னம்மை அளவுக்குப் பயமுறுத்தாது. அதனால் இதுதான் லேசானது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

வரிசையைக் கவனியுங்கள். தட்டம்மையில் முதலில் வருவது கடும் காய்ச்சல், கூடவே இருமல், மூக்கொழுகல், சிவந்து நீர் வடியும் கண்கள். 3, 4 நாள் கழித்துத்தான் தடிப்பு. அதுவும் காதுக்குப் பின்னால், நெற்றியோரம் தொடங்கி, முகம், மார்பு, வயிறு, கால் என்று மேலிருந்து கீழே இறங்கும். தடிப்பு வருவதற்கு ஓரிரு நாள் முன்பே கன்னத்தின் உட்புறம் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். வாயைத் திறக்கச் சொல்லி மருத்துவர் தேடுவது அதைத்தான். சின்னம்மையில் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கொப்புளமும் காய்ச்சலும் ஒன்றாகவே வரும், சிலருக்குக் கொப்புளம்தான் முதல் அறிகுறி. இருமலும் கண் சிவப்பும் சின்னம்மையின் அடையாளம் கிடையாது.

தட்டம்மை நிமோனியாவையும் கடும் வயிற்றுப்போக்கையும் இழுத்து வரும். மூளையைத் தாக்கலாம். அபூர்வமாக, குணமாகி 7 முதல் 10 ஆண்டுகள் கழித்து மூளையை மெல்ல அழிக்கும் ஒரு நோயாகவும் திரும்பி வரும், அதற்கு முழுமையான சிகிச்சை இல்லை. இன்னொன்று இருக்கிறது, எனக்கு இதுதான் மிகவும் கவலை தருவது: மற்ற நோய்களுக்கு எதிராக உடல் சேர்த்து வைத்திருந்த நினைவையே தட்டம்மை அழித்துவிடுகிறது. அதனால் குணமான பிறகும் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், குழந்தை வேறு தொற்றுகளுக்கு எளிதாக ஆளாகும். 1963 முதல் நல்ல தடுப்பூசி இருந்தும், 2023இல் மட்டும் உலகில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தட்டம்மையால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. பெரும்பாலானவர்கள் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

கை, கால், வாயில் மட்டும் கொப்புளம் வந்தால்?

பெரும்பாலும் அது கை கால் வாய் நோய். காக்சாக்கி போன்ற குடல் வைரஸ்களால் வருவது. உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம், வாய்க்குள் புண். அரிப்பை விட வாய் வலிதான் குழந்தையை அழ வைக்கும், தண்ணீர்கூட குடிக்க மறுக்கும். உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். பொதுவாக 7 முதல் 10 நாளில் சரியாகிவிடும். காக்சாக்கியின் ஒரு வகை உடம்பெல்லாம் கொப்புளம் வரவைத்து சின்னம்மை என்றே நினைக்க வைக்கும், சில வாரம் கழித்து நகம் உரிந்து விழுவதும் உண்டு. பயந்துவிடாதீர்கள், புது நகம் வளரும். பல வகை வைரஸ்கள் இதற்குக் காரணம் என்பதால் ஒரே குழந்தைக்கு இரண்டு மூன்று முறைகூட வரும்.

பொன்னுக்குவீங்கியையும் அம்மை என்கிறார்களே?

கன்னத்தோரம் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்குவதுதான் அது. கொப்புளமே கிடையாது.

டெங்குவிலும் உடம்பு சிவக்கிறதே?

சிவக்கும், ஆனால் நீர் கோக்காது. டெங்குவில் கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறிப்பது போன்ற உடல்வலி இரண்டும் தூக்கலாக இருக்கும். கொசு கடித்துத்தான் வரும், நோயாளியின் பக்கத்தில் இருப்பதால் வராது. சின்னம்மை அப்படியே நேர்மாறு, ஆளிடமிருந்து ஆளுக்கு மட்டும்தான்.

இவற்றில் எது வேகமாகப் பரவும்?

எதிர்ப்பு சக்தியே இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புவார் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தட்டம்மைக்கு 12 முதல் 18. சின்னம்மைக்கு 10 முதல் 12. பெரியம்மைக்கு 3 முதல் 6. 2020இன் தொடக்கத்தில் பரவிய முதல் கொரோனா வகைக்கு 2 முதல் 3. ஆண்டுதோறும் வரும் ஃப்ளூவுக்கு 1க்குச் சற்று மேல்.

ஆக, சின்னம்மை மிக வேகமாகப் பரவும் நோய்களில் ஒன்று. ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால், இதுவரை வராதவர்களிலும் தடுப்பூசி போடாதவர்களிலும் 10இல் 9 பேர் வரை மாட்டிக்கொள்வார்கள். தட்டம்மை இன்னும் ஒரு படி மேல். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் வைரஸ் இருக்கும்.

தொற்றிய எத்தனை நாளில் தெரியும்? எது வரை ஒட்டும்?

ஃப்ளூ 1 முதல் 4 நாளில் தெரிந்துவிடும். கை கால் வாய் நோய்க்கு 3 முதல் 6 நாள். தட்டம்மைக்குக் காய்ச்சல் தொடங்க ஏறக்குறைய 10 நாள், தடிப்பு வர 14 நாள். சின்னம்மைக்கு 10 முதல் 21 நாள், பெரும்பாலும் 14 முதல் 16.

இந்த நீண்ட இடைவெளிதான் வீட்டில் ஏமாற்றும். முதல் பிள்ளை குணமாகிப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, "அப்பாடா" என்று மூச்சுவிடும் நேரத்தில் அடுத்தவருக்குக் கிளம்பும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. மகளுக்குக் கடைசிப் பொருக்கு உதிர்ந்துகொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சில் முதல் புள்ளி.

ஒட்டும் காலம் கொப்புளம் வருவதற்கு 1, 2 நாள் முன்பே தொடங்கிவிடும். அதனால் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் முழுதாகத் தடுப்பது கஷ்டம். கடைசிக் கொப்புளமும் பொருக்கு தட்டியதும் முடிந்துவிடும், வழக்கமாக 5 முதல் 7 நாள். உதிரும் பொருக்கைப் பற்றிப் பயம் வேண்டாம், சின்னம்மைப் பொருக்கு பரப்பாது. பெரியம்மையில் பொருக்கிலும் வைரஸ் இருந்தது, அந்தப் பயம்தான் இன்னும் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஃப்ளூ திரும்பத் திரும்ப வருகிறது, சின்னம்மை மட்டும் ஏன் ஒரு தடவையோடு நிற்கிறது?

ஃப்ளூவும் கொரோனாவும் ஆர்என்ஏ வைரஸ்கள். தங்களைப் படியெடுக்கும்போது நிறையத் தவறுகள் செய்யும், அந்தத் தவறுகளால் வெளித்தோற்றம் மாறும், போன வருடம் உடல் கற்றுக்கொண்ட அடையாளம் இந்த வருடம் செல்லாது. சின்னம்மை வைரஸ் டிஎன்ஏ வகை, மாற்றம் மிகக் குறைவு. உடல் ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. இரண்டாம் முறை சின்னம்மை வருவது அபூர்வம்.

ஆர்என்ஏ என்றாலே மாறிக்கொண்டே இருக்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தட்டம்மையும் ஆர்என்ஏ வைரஸ்தான், ஆனாலும் அதற்கு எதிரான பாதுகாப்பு ஆயுள் முழுக்க நிற்கிறது.

குணமான பிறகு வைரஸ் உடம்பை விட்டுப் போய்விடுமா?

போகாது. இந்தக் கேள்விதான் சின்னம்மையைத் தட்டம்மை, ஃப்ளூ, பெரியம்மை எல்லாவற்றிலிருந்தும் தனியாகப் பிரித்து நிறுத்துகிறது. தோலிலிருந்து நரம்பு வழியாக ஏறி, முதுகுத்தண்டை ஒட்டியும் மண்டையோட்டுக்குள்ளும் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய் வைரஸ் உறங்கிவிடும். பல்லாண்டுகள் எந்தத் தொந்தரவும் தராது. வயது ஏறி எதிர்ப்பு சக்தி தளரும்போது, அல்லது புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு போன்றவற்றால் அது குறையும்போது, விழித்துக்கொண்டு அதே நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்கி வரும். அதுதான் அக்கி.

அக்கியைப் பார்த்தால் மறக்க முடியாது. முதுகுத்தண்டில் தொடங்கி விலாவைச் சுற்றி நெஞ்சு நடு வரை ஒரு பட்டையாகக் கொத்துக் கொத்தாகக் கொப்புளம், நடுக்கோடு வந்ததும் கோடு போட்டு நிறுத்தியது போல நின்றுவிடும். உடம்பின் ஒரு பக்கம் மட்டும்தான். கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே அந்த இடம் எரியும், சுடும், துணி பட்டால்கூடத் தாங்காது. மாரடைப்போ, சிறுநீரகக் கல்லோ என்று ஓடியவர்கள் உண்டு. சின்னம்மை வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது அக்கி வரும். கொப்புளம் ஆறிய பிறகும் சிலருக்கு அந்த நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கும், அதுதான் கொடுமை. 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்குவது நல்லது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்ணைச் சுற்றியோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அக்கி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கியாக ஒட்டாது. ஆனால் சின்னம்மை வராத குழந்தை அந்தக் கொப்புளத்து நீரைத் தொட்டால், அதற்குச் சின்னம்மை வரலாம். தாத்தாவின் அக்கியிலிருந்து பேரனுக்குச் சின்னம்மை!

பெரியவர்களுக்கு வந்தால் ஏன் அவ்வளவு படுத்துகிறது?

குழந்தையின் உடல் இதைச் சுலபமாகக் கையாளும். வளர்ந்தவருக்குக் காய்ச்சல் கூடும், கொப்புளம் கூடும், வைரஸ் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆக்கும் ஆபத்தும் கூடும். புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். மகள் நான்காம் நாளே விளையாட ஆரம்பித்துவிட்டாள், நான் எழுந்து நடமாட 10 நாளுக்கு மேல் ஆனது. தொண்டைக்குள் கொப்புளம், தண்ணீர் விழுங்குவதே பெரும்பாடு.

வெப்ப நாடுகளில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். குளிர் நாடுகளில் பள்ளிப் பருவத்திலேயே பெரும்பாலும் வந்து போய்விடும். வெப்ப நாடுகளில் வராமலே வளர்ந்துவிடுகிறவர்கள் அதிகம். "சின்னப் பிள்ளைங்க நோய்" என்று அங்கே ஒதுக்கிவிட முடியாது.

கர்ப்பிணிக்கு எது அதிக ஆபத்து?

குழந்தையைக் கெடுப்பதில் முதலிடம் ரூபெல்லா என்ற வேறொரு வைரஸ் நோய்க்கு. தாய்க்கு அது வெறும் லேசான தடிப்பும் காய்ச்சலும்தான். ஆனால் முதல் 12 வாரத்தில் தொற்றினால் குழந்தைக்குக் காது, கண், இதயம் பாதிக்கும் வாய்ப்பு 85 சதவீதம் வரை. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தார்.

சின்னம்மையில் முதல் பாதிக் கர்ப்ப காலத்தில் குழந்தை பாதிக்கும் வாய்ப்பு 1 முதல் 2 சதவீதம். குறைவுதான், ஆனால் தாய்க்கே நிமோனியா ஆபத்து இருக்கிறது. இன்னொரு நெருக்கடியான நேரம் பிரசவத்தை ஒட்டியது. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் கிளம்பினால், தாயின் எதிர்ப்பு சக்தி போய்ச் சேருமுன்பே குழந்தைக்கு வைரஸ் போய்விடும், அது உயிருக்கே ஆபத்து. சின்னம்மை வராத கர்ப்பிணி நோயாளியின் அருகில் இருந்துவிட்டால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. இரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (ஆயத்தமான எதிர்ப்புப் பொருள்) ஊசி போட்டுப் பாதுகாக்க வழி இருக்கிறது.

சின்னம்மைக்கு மருந்து உண்டா?

உண்டு. இதிலும் இது தனி ரகம்தான், தட்டம்மைக்கு நேரடியாக வைரஸைத் தாக்கும் மருந்து கிடையாது. அசைக்ளோவிர் என்ற மாத்திரை சின்னம்மை வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். முதல் கொப்புளம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஆரோக்கியமான குழந்தைகளுக்கு வழக்கமாகத் தேவைப்படாது. பெரியவர்களும், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் மருத்துவரிடம் உடனே போக வேண்டியது இதற்காகத்தான். நான் மூன்றாம் நாள் போனேன், தாமதம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது, சின்னம்மையோ ஃப்ளூவோ இருக்கும்போது ஆஸ்பிரின் கொடுத்தால் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரை நோய் வரலாம். ஐபுபுரூஃபனையும் தவிர்ப்பது நல்லது, கடுமையான தோல் தொற்றோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அரிப்புக்குக் கலமைன் லோஷன். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். தழும்பு விழுவது பெரும்பாலும் சொறிந்து புண்ணாக்கிய இடத்தில்தான்.

ஆன்டிபயாடிக் வேண்டுமா?

வைரஸுக்கு அது வேலை செய்யாது. சொறிந்த இடத்தில் பாக்டீரியா புகுந்து சீழ் வைத்தால் மட்டும்.

குளிக்கலாமா?

தாராளமாக. வெதுவெதுப்பான தண்ணீர், தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். சுத்தமான தோலில் புண் பழுப்பது குறைவு.

தடுப்பூசி எவ்வளவு காக்கும்?

இந்தத் தடுப்பூசி ஒரு தகப்பனின் தவிப்பிலிருந்து வந்தது. ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி 1960களில் அமெரிக்காவில் இருந்தபோது அவருடைய சிறு மகனுக்குக் கடுமையான சின்னம்மை வந்தது. ராத்திரி முழுக்க மகன் பக்கத்தில் கண்விழித்திருந்தவர், தனக்குத் தெரிந்த வைரஸ் அறிவை இதற்குப் பயன்படுத்துவதென்று முடிவு செய்தார். 1974இல் பலவீனமாக்கிய வைரஸைக் கொண்டு தடுப்பூசியை உருவாக்கினார். ஓகா என்ற அந்த வகையைத்தான் உலகின் பெரும்பாலான சின்னம்மைத் தடுப்பூசிகள் இன்றும் பயன்படுத்துகின்றன. வைரஸ் அதிகம் மாறுவதில்லை என்றேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இரண்டு தவணை போட்டால் 90 சதவீதத்துக்கும் மேல் பாதுகாப்பு. மீறி வந்தாலும் பெரும்பாலும் 50க்கும் குறைவான புள்ளிகளோடு போய்விடும். நோயாளியின் அருகில் இருந்துவிட்ட பிறகும் 3 முதல் 5 நாளுக்குள் போட்டால் பலன் உண்டு. உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் போடக் கூடாது. அக்கிக்கு வேறு தடுப்பூசி இருக்கிறது, பெரும்பாலும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு.

கையில் பெரியம்மைத் தடுப்பூசித் தழும்பு இருக்கிறது. சின்னம்மை வராதா?

வரும். அந்தத் தழும்பு குரங்கம்மைக்கு எதிராக ஓரளவு காக்கலாம், சின்னம்மைக்கு இல்லை.

எப்படியும் வரத்தானே போகிறது, சின்ன வயதிலேயே ஒட்டவிட்டுவிடலாமா?

வேண்டாம். தடுப்பூசி வருவதற்கு முன் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேருக்குச் சின்னம்மை வந்தது, அவர்களில் 100 முதல் 150 பேர் இறந்தார்கள். விகிதம் சின்னதுதான். ஆனால் எந்தப் பிள்ளை அந்தக் கணக்கில் வரும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. தவிர, வேண்டுமென்றே ஒட்டவிட்ட பிள்ளைக்குள் அந்த வைரஸும் ஆயுசுக்கும் குடியேறிவிடும்.

பெரியம்மையை ஒழித்தது போல இதையும் ஒழிக்க முடியுமா?

பெரியம்மை ஒழிந்ததற்குக் காரணம், அது மனிதருக்கு மட்டுமே வந்தது, வந்தால் கண்ணுக்குத் தெரிந்தது, குணமானவரின் உடலில் ஒளிந்திருக்கவில்லை. சங்கிலியை அறுத்தால் முடிந்தது. தட்டம்மைக்கும் இந்த மூன்றும் பொருந்தும், மனம் வைத்தால் முடியும். சின்னம்மைக்கு மூன்றாவது பொருந்தாது. இன்று எல்லாப் பரவலையும் நிறுத்தினாலும், 50 ஆண்டு கழித்து ஒரு முதியவரின் அக்கியிலிருந்து மறுபடி கிளம்பும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, எழுப்பினால் எழாத தூக்கம், கழுத்து விறைப்பு. நிற்காத வாந்தி. 4 நாளுக்கு மேலும் இறங்காத காய்ச்சல், அல்லது இறங்கிவிட்டுத் திரும்பி ஏறும் காய்ச்சல். ஒரு கொப்புளத்தைச் சுற்றி மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கி வலிப்பது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை, கர்ப்பிணி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம், முதல் புள்ளியிலேயே போய்விடுங்கள்.

போகும் முன் ஒரு போன் செய்து "சின்னம்மையாக இருக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். தனி வழியில் வரச் சொல்வார்கள், அல்லது வேறு நேரம் தருவார்கள். காத்திருக்கும் கூடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு கர்ப்பிணி உட்கார்ந்திருக்கலாம்.